பத்துமலைப் படியில் நான்கு தடவை

எனக்கு வயது 54. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் செம்பனை லோரி ஓட்டுகிறேன். பன்னிரண்டு வருடமாக இனிப்புநீர் (சர்க்கரை நோய்), அதற்கும் முன்பிருந்தே ரத்தக் கொதிப்பு. ரப்பர் பால்மரம் வெட்டிய அப்பா 51 வயதில் தோட்டத்திலேயே சுருண்டு விழுந்து போய்விட்டார். இவ்வளவு இருந்தும் என் இதயத்தைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. நெஞ்சு வலித்தால்தானே!

குறைந்த வருமானக்காரர்களுக்கான பெக்கா பி40 என்ற அரசாங்கத் திட்டத்தில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இலவசமாக ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று வீட்டுக்காரம்மா இழுத்துப் போனாள். பசியாறாமல் வரச் சொல்லியிருந்தார்கள். நான் வழக்கம்போல ஒரு தே தாரிக் குடித்துவிட்டுப் போனேன். மறுநாள் வரச் சொல்லிவிட்டார்கள். கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) 3.9 mmol/L இருந்தது. கொழுப்பு மாத்திரை ஏற்கெனவே கொடுத்ததுதான், அலமாரியில் பத்திரமாக இருந்தது.

அங்கிருந்து அரசாங்க கிளினிக். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம் கட்டி, காலையெல்லாம் காத்திருந்தேன். படுக்க வைத்து, இதயத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டும் ஈசிஜி எடுத்தார்கள். நார்மல். எனக்குப் பெரிய நிம்மதி. டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். வலி உண்டா, மூச்சு வாங்குமா, நடந்தால் களைப்பாக இருக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. கிளம்பியே இருப்பேன்.

“பத்துமலையில நாலு தடவ நின்னீங்களே, அதச் சொல்லுங்க” என்றாள் கூட வந்திருந்த வீட்டுக்காரம்மா.

பத்துமலை முருகன் கோயிலுக்கு 272 படி. போன வருடம் ஒரே மூச்சில் ஏறியவன், இந்த முறை நான்கு தடவை நின்றேன். வெயில், வயசு என்று நானே காரணம் சொல்லிக்கொண்டேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “அப்பா எத்தனை வயதில் இறந்தார்?” என்று கேட்டார். அப்புறம் இதயத்துக்கு வேலை கொடுத்துப் பார்க்கும் டெஸ்டுக்காக ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

சும்மா படுத்திருக்கும் இதயத்தைத்தான் ஈசிஜி காட்டும், ரத்தம் அதிகமாகத் தேவைப்படும்போதுதான் அடைப்பு தன் குணத்தைக் காட்டும் என்றார். சர்க்கரையால் நரம்பு மரத்துப் போனவர்களுக்கு வலிக்குப் பதில் மூச்சுத்திணறல் மட்டும் வரலாமாம். அப்படியென்றால் சர்க்கரைக்காரர்கள் எல்லாருக்கும் இந்த டெஸ்டை எடுத்துவிடலாமே என்றேன். எந்தத் தொல்லையும் இல்லாத 1,123 சர்க்கரை நோயாளிகளை வைத்து இதே மாதிரி வேறொரு இதய டெஸ்டைச் செய்து பார்த்தார்களாம், 2009இல் முடிவு வெளிவந்ததாம். சோதித்தவர்களுக்கும் சோதிக்காதவர்களுக்கும் மாரடைப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் ஆளைப் பார்த்து, கேள்வி கேட்டுத்தான் அனுப்புகிறார்கள். எனக்கு அந்தப் படிதான் டிக்கெட்.

ஈப்போவில் டிரெட்மில் டெஸ்ட், ஓடும் பட்டையில் நடக்க வைத்து இதயத்தைப் பார்ப்பது. முதல் தடவை வீண், தப்பு என்னுடையதுதான். இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொன்ன தாளைப் படிக்காமல் விழுங்கிவிட்டுப் போனேன். 220இல் வயதைக் கழித்து அதில் 85 விழுக்காட்டைத் துடிப்பு தொட வேண்டும், எனக்கு நிமிடத்துக்கு 141. என் இதயம் அந்தப் பக்கமே போகவில்லை. திரும்பத் தேதி வாங்கி, ஒரு நாள் சம்பளத்தையும் விட்டேன்.

இரண்டாவது தடவை சட்டையைக் கழற்றி, நெஞ்சு மயிரைச் சிரைத்து, ஒயர் ஒட்டினார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் ஏற்றமும் கூடும். மூன்றாவது கட்டத்தில் கால் தள்ளாடியது. வலி? அப்போதும் இல்லை. ஆனால் மிஸி (நர்ஸ்) என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈசிஜி கோடு கீழே இறங்கிவிட்டது என்று நிறுத்தினார்கள்.

மணிக்கட்டு வழியாக, இதய ரத்தக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம். ஒரு குழாயில் பாதிக்குச் சற்று மேல் அடைப்பு. அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைப்பார்கள் என்று மைத்துனரிடம் கடனெல்லாம் பேசி வைத்திருந்தேன். தேவையில்லை, மாத்திரையே போதும் என்றார்கள். கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். இத்தனை அலைச்சலுக்கும் கடைசியில் அலமாரியில் இருந்த அதே மாத்திரை, கூட ஒரு ஆஸ்பிரின்.

கெட்ட கொழுப்பு 1.4க்குக் கீழே வர வேண்டுமாம். போன மாதம் 2.1. மாத்திரை டப்பா இப்போது வீட்டுக்காரம்மா கையில்.