கிலோ ரேட்டுக்குப் பின்னால்

திருப்பூரிலிருந்து கொல்கத்தாவுக்கு பனியன் அனுப்ப நாலு லாரி ஆபீசில் ரேட் கேட்டால் நாலு பதில் வரும். கிலோவுக்கு எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து புக்கிங் போடும் டெஸ்பாட்ச் ஆட்கள்தான் பிறகு நஷ்டஈடு கேட்டு கிளைம் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்கள். முதலில் கேட்க வேண்டியது வேறு: சரக்கு எத்தனை இடத்தில் வண்டி மாறும்? போய்ச் சேரும் ஊரில் இருப்பது சொந்தக் கிளையா, ஏஜென்ட்டா?

வண்டி மாறும்போதெல்லாம் ஒரு முறை இறக்கி, ஒரு முறை ஏற்றுவார்கள். பண்டல் கிழிவதும், நனைவதும், ஒன்று குறைவதும் ஓடும் வண்டியில் நடப்பதைவிட குடோன் தரையில் நடப்பதே அதிகம். வாரத்தில் சில நாள் மட்டும் கிளம்பும் நேர் லைன் வண்டி, தினமும் கிளம்பி வழியில் இரண்டு முறை மாறும் சர்வீசுக்கு முன்பே போய்ச் சேர்வதுண்டு. அந்தப் பக்கம் ஏஜென்ட் என்றால், இங்கே பேசிய டோர் டெலிவரியை எல்.ஆரிலேயே (லாரி ஆபீஸ் தரும் சரக்கு ரசீது) எழுதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சரக்கு எடுக்கும் பார்ட்டியிடம் தனிக் கூலி கேட்பார்கள்.

அடுத்தது எடை. பனியன் கனத்தைவிட இடத்தைத்தான் அடைக்கும். 60 × 45 × 45 செ.மீ. அட்டைப்பெட்டி ஒன்று தராசில் 18 கிலோ காட்டுகிறது என்று வைப்போம். ஏர் கூரியரில் மூன்று அளவையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்தால் 24.3 கிலோ; தராசு எடைக்கு அல்ல, அதற்குத்தான் காசு. லாரி ஆபீசில் கன அடிக் கணக்கு. அந்தப் பெட்டி 4.29 கன அடி. கன அடிக்கு 7 கிலோ போடுபவரிடம் அது 30 கிலோ, 10 கிலோ போடுபவரிடம் 43. கிலோ 12 ரூபாய் என்று முன்னவர் சொன்னால் 360 ரூபாய். 10 ரூபாய்தான் என்று பின்னவர் சொன்னால் 430! எல்.ஆர். சார்ஜ், ஏற்றுக்கூலி, குறைந்தபட்ச எடை எல்லாம் இதற்கு மேல். பெட்டிக்குப் பதில் அழுத்திக் கட்டிய பண்டலாகப் போட்டால் இந்தத் தொல்லை பாதி குறையும். மடிப்பு கலையக்கூடாத சரக்குக்கு மட்டும் அது ஆகாது.

வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் போகும் சரக்குக்கு இ-வே பில் (ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் சரக்கு அனுமதிச் சீட்டு) கட்டாயம். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில் கொல்கத்தாவுக்கு 11 நாள் கிடைக்கும். தாராளம்தான். ஆனால் லோடு சேரவில்லை என்று வண்டி மாறும் குடோனில் நாலைந்து நாள் போட்டுவைத்தால் வழியிலேயே காலாவதியாகிவிடக்கூடும். முடிவதற்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் மட்டுமே நீட்டிக்க முடியும். அதைப் பார்க்கவும், வண்டி மாறும்போது புது நம்பரை அந்த பில்லின் வண்டி விவரப் பகுதியான பார்ட்-பியில் ஏற்றவும் ஆள் இருக்கிறாரா என்று கேட்டால், பதில் வரும் விதத்திலேயே ஆபீஸின் லட்சணம் தெரிந்துவிடும்.

எல்.ஆரில் 'ஓனர்ஸ் ரிஸ்க்' (நஷ்டம் சரக்குக்காரர் பொறுப்பு) என்று முத்திரை குத்துவது வழக்கம். அது இருக்கட்டும், 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் விதிகளும் சொல்வது இன்னும் முக்கியம். கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாத சரக்குக்கு இழப்பீடு, வாடகையைப்போல் பத்து மடங்குக்குள்தான். 500 ரூபாய் வாடகையில் போகும் பண்டலுக்கு 5,000 ரூபாய். உள்ளே 30,000 ரூபாய் சரக்கு இருந்தாலும் அவ்வளவுதான். அதனால் வழிப்பயண நஷ்டத்துக்கு டிரான்சிட் இன்சூரன்ஸ் தனியாக வேண்டும். அதிலும் 'பி' ஷரத்து (clause) என்றால் தீ, மோதல், வண்டி கவிழ்வது போன்றவைதான் அடங்கும். சாதாரணத் திருட்டுக்கும் மழை நனைவுக்கும் 'ஏ' ஷரத்து பார்க்க வேண்டும்.

பண்டலின் இரண்டு பக்கமும் பார்ட்டி பெயர், ஊர், 3/12 என்று வரிசை எண் எழுதியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அந்தப் பக்கம்தான் கிழியும். சரக்கு எடுக்கும் பார்ட்டிக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: கையெழுத்துப் போடுமுன், 'எண் 3 நனைந்துள்ளது, எண் 7 தையல் பிரிந்துள்ளது' என்று டெலிவரி காப்பியிலேயே எழுத வேண்டும். சும்மா கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் போன் செய்தால் கிளைம் நிற்பது கஷ்டம். லாரி ஆபீசுக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க 180 நாள் அவகாசம். அது டெலிவரி தேதியிலிருந்து அல்ல, புக்கிங் தேதியிலிருந்து.