சானலுக்கு அந்தக் கரையா, இந்தக் கரையா?

ஆடிக்காற்றில் ட்ரோனை ஏற்றாதே என்று அண்ணன் சொன்னான், நான் கேட்கவில்லை. பூதப்பாண்டி பக்கம் சானல் (கால்வாய்) கரையில் நின்று ஏற்றினேன். நானே கூட்டிச் சேர்த்த குட்டி ட்ரோன், ஜிபிஎஸ் கிடையாது, மேலே ஒரு வைஃபை சில்லு மட்டும். சானல் போகிற திசையிலேயே காற்றும் அடித்ததால், தென்னைக்கு அப்பால் மறைந்தது எந்தக் கரையில் விழுந்தது என்றே தெரியவில்லை. இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம்.

சில்லு இன்னும் சிக்னல் விட்டுக்கொண்டிருந்தது. சரி, கரையோரமாக நடந்து ஆறு இடத்தில் சிக்னல் அளவை போனில் குறித்தேன். தூரம் இரட்டித்தால் திறந்தவெளியில் 6 டெசிபல் குறையும் என்பது பாடம், ஆனால் ஈர வாழையிலை அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. ஒரு மீட்டரில் மைனஸ் 40 காட்டும் சில்லு மைனஸ் 80 காட்டினால் வெட்டவெளிக் கணக்கில் 100 மீட்டர், இழப்பு அடுக்கை, அதாவது தூரம் கூடக்கூட சிக்னல் எவ்வளவு வேகமாகத் தேயும் என்று சொல்லும் எண்ணை, 2-லிருந்து 3 ஆக்கினால் வெறும் 22 மீட்டர்! அதனால் அந்த அடுக்கையும் தெரியாத எண்ணாகவே விட்டு, லேப்டாப்பில் பறவைக்கூட்டத்தை, அதாவது துகள் திரள் முறை (PSO) என்ற தேடல் நிரலை, அவிழ்த்துவிட்டேன். 1995-இல் கென்னடியும் எபர்ஹார்ட்டும் சொன்ன முறை அது: ஒவ்வொரு 'பறவை'யும் ஒரு ஊகம், தான் கண்ட நல்ல இடத்தையும் கூட்டம் கண்ட நல்ல இடத்தையும் நினைவில் வைத்துப் பறக்கும். தேரூர் குளத்துக் கொக்குகள் இப்படியா இரை தேடுகின்றன என்று கேட்காதீர்கள்.

பத்து முறை ஓட்டினேன். ஆறு முறை வலக்கரை, நான்கு முறை இடக்கரை. கணக்குக்கும் நான் அளந்ததற்கும் உள்ள பிழை மட்டும் இரண்டுக்கும் அச்சு அசலாக ஒன்றே. நிரலில் தப்பு என்று அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் உறைத்தது, நான் அளந்த ஆறு இடமும் ஒரே நேர்கோட்டில்! கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி பொருந்தினால், கண்ணாடியில் தெரிவது போல அந்தப் பக்கமும் ஒன்று பொருந்தும். பறவைக்குப் பதில் ஓநாய், எறும்பு பெயரில் இருக்கும் வேறு தேடல் முறைகளை விட்டாலும் இதே கதிதான்.

கலுங்கைத் தாண்டி இடக்கரைத் தோட்டத்துக்குள் இருபது அடி நடந்து ஏழாவது அளவை எடுத்தேன். அப்புறம் பத்துக்குப் பத்தும் இடக்கரை. காட்டிய இடத்திலிருந்து எட்டு மீட்டர் தள்ளி, ஒரு வாழை மட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது.

தோட்டக்காரப் பாட்டா ட்ரோனைப் பார்க்கவேயில்லை. "மட்டிக்குலை ஒண்ணும் ஒடியலையே மக்களே?" என்று மரத்தைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.