வேலூரிலிருந்து பெலும் குகைக்கு

ஆந்திராவில் இருக்கும் பெலும் குகைக்குப் போய்வந்ததை வழி, செலவு, சாப்பாடு என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன், ஆனால் அந்த ஆட்டோக்காரர் மேல் உள்ள எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ரயிலில் போய் இறங்கிய தாடிபத்ரியிலிருந்து குகைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து 900 ரூபாய் என்று பேசித்தான் ஏறினோம். திரும்பி வந்ததும் வெயிட்டிங் தனி என்று 1,300 கேட்டார். எனக்குத் தெரிந்த சித்தூர் தெலுங்கில் சண்டை போட்டு 1,100-இல் முடித்தேன். காட்பாடியிலிருந்து இரண்டு பேருக்கும் ரயிலுக்கே அவ்வளவு ஆகவில்லை! நீங்கள் பனகானபள்ளி பஸ்ஸிலேயே போய்விடுங்கள், அது அந்த வழியாகத்தான் போகிறது.

சரி, குகை. மேலே பார்த்தால் வெறும் வயல்காடு, நடுவில் கிணறு போல ஒரு பள்ளம், அதில் படி இறங்குகிறது. நம்மூர் மலைகள் கருங்கல், மழைத்தண்ணீர் மேலோடு வழிந்துவிடும். இங்கே சுண்ணாம்புக்கல் என்பதால் விரிசலில் இறங்கிய தண்ணீர் லட்சக்கணக்கான வருடங்களாகக் கல்லைக் கரைத்துக் கரைத்து 3,229 மீட்டருக்குப் பாதை போட்டிருக்கிறது. அதில் நாம் நடப்பது சுமார் ஒன்றரை கிலோமீட்டர். தண்ணீர் திரும்பிய இடமெல்லாம் சுவரில் வளைவு வளைவாகத் தெரிகிறது, தொட்டால் வழுவழுவென்று இருக்கிறது. பல்லாவரத்தில் 1863-இல் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் ஆய்வாளர்தான் 1884-இல் இந்தக் குகையைப் பற்றியும் எழுதிவைத்தவர்.

உள்ளே குளுகுளுவென்று இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நல்ல புழுக்கம், சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும். உள்ளேயே சப்தஸ்வர குகை என்று ஒரு பகுதி, அங்கே தட்டினால் ஓசை எழுப்பும் கல்விழுதுகளை ஒரு கூட்டம் கல்லாலேயே அடித்துக்கொண்டிருந்தது, எனக்கு வயிறு எரிந்தது. சொட்டுச் சொட்டாக வளர்ந்த கல், உடைந்தால் நம் ஆயுளில் திரும்ப வராது.

ஆனால் பாதாளகங்கை! 46 மீட்டர் ஆழத்தில், குறுகலான படியில் தலையைக் குனிந்து இறங்கினால், பாறைக்கு அடியில் தண்ணீர் சலசலவென்று ஓடிவந்து அப்படியே இன்னொரு பாறைக்குள் மறைந்துவிடுகிறது. வற்றுவதே இல்லையாம். 2 கிலோமீட்டர் தள்ளி பெலும் ஊர்க் கிணற்றுக்குப் போய்ச் சேருகிறது என்பது அங்குள்ளவர்கள் நம்பிக்கை. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய எனக்கு அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை. வழிகாட்டி இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் ஏறினேன்.

அப்புறம் சாப்பாடு. தாடிபத்ரியில் உக்கானி சாப்பிடுங்கள். பொரியை நனைத்துத் தாளித்து, பொட்டுக்கடலைப் பொடி தூவி, சுடச்சுட மிளகாய் பஜ்ஜியோடு தருகிறார்கள். விலையும் குறைவு, வயிறும் நிறைகிறது. முட்டிவலி உள்ளவர்கள் மட்டும் பாதாளகங்கைப் படியில் இறங்க வேண்டாம். மற்றவர்கள் அதைப் பார்க்காமல் திரும்பினால் டிக்கெட் காசு தண்டம்.