ஈயோட கால் ஆட்டமும் அப்பாவோட ஈசிஜியும்

போன மாசம் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன். முந்தின நாள் மயக்க டாக்டர் வந்து ஈசிஜி பேப்பர்ல கட்டத்த ஒண்ணொண்ணா எண்ணிப் பாத்துட்டு என்னென்ன மாத்திரை போடுறீங்கன்னு கேட்டார், அப்பா பிரஷர் மாத்திரைய மட்டும் சொன்னார், சளிக்குன்னு மெடிக்கல்ல அவரே கேட்டு வாங்கிப் போட்டுட்டு இருந்த அசித்ரோமைசின்ங்கற ஆன்டிபயாடிக்க பத்தி மூச்சு விடல, அம்மாதான் பையத் தொறந்து அட்டைய எடுத்து நீட்டுனாங்க. "அதான் க்யூடி இழுக்குது"ன்னு சொல்லிட்டு, வாந்திக்கு வழக்கமா போடுற ஒன்டான்செட்ரானும் அதே மாதிரி இழுக்கும், வேணாம்னு கேஸ் ஷீட்ல எழுதிட்டுப் போயிட்டார்.

க்யூடின்னா என்னன்னு அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிச்சேன். ஈசிஜியில ஒரு துடிப்போட மின்சாரம் கிளம்புனதுல இருந்து இதயம் மறுபடி ரெடியாகற வரைக்கும் ஆகுற நேரம்தான் அது. ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் இதய செல்லுல இருந்து பொட்டாசியம் வெளிய போனாதான் அடுத்த துடிப்புக்கு அது ரெடியாகும். அது வெளிய போக செல்லோட சுவர்ல குட்டிக் குட்டி வாசல் இருக்கு, அதுல முக்கியமான ஒண்ணு பேரு ஹெர்க். அதோட உள்பக்கம் மருந்து ஒட்டிக்கத் தோதா இருக்கு, அதனால சம்பந்தமே இல்லாத மருந்தெல்லாம் உள்ள போய் ஒட்டிக்குது. பொட்டாசியம் லேட்டா போகும், க்யூடி நீளும், ரொம்ப நீண்டா துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே ஆபத்து.

டெர்ஃபெனடின்னு ஒரு அலர்ஜி மாத்திரை, போட்டா தூங்கி வழிய வேணாம்னு அமெரிக்காவுல சக்கப்போடு போட்டுச்சு. லிவர் அத உடனே ஃபெக்ஸோஃபெனடினா மாத்திடும், அது ஹெர்க்க அவ்வளவா சீண்டாது. ஆனா கூடவே கீட்டோகோனசோல்ங்கற பூஞ்சை மருந்து போட்டவங்களுக்கு லிவர் அந்த வேலைய செய்ய முடியாம மாத்திரை அப்படியே ரத்தத்துல தேங்கி நேரா இதயத்துல போய் ஹெர்க்க அடைச்சிருச்சு. 1998ல வாபஸ். இப்ப நாம மூக்கொழுகலுக்குப் போடுற ஃபெக்ஸோஃபெனடின் அதோட புள்ளதான்!

இந்த ஹெர்க்ங்கற பேரு வந்த கதைதான் செம. வாழப்பழத்துல மொய்க்குமே குட்டி ஈ, 1960கள்ல கலிபோர்னியாவுல அதுக்கு ஈதர் மயக்கம் குடுத்தப்ப சில ஈக்கு மட்டும் கால் கிடுகிடுன்னு ஆடிச்சாம், அப்ப அங்க கோ-கோ டான்ஸ் பிரபலம், அந்த ஜீனுக்கு ஈதர்-எ-கோ-கோன்னே பேரு வச்சுட்டாங்க, பின்னாடி 1994ல மனுஷன்ல கண்டுபிடிச்ச அதோட சொந்தக்கார ஜீன்தான் ஹெர்க் (ஹ்யூமன் ஈதர்-எ-கோ-கோ ரிலேட்டட் ஜீனோட சுருக்கம்), அந்த இதய வாசல செய்யறது இதுதான். அப்பாகிட்ட சொன்னா "ஈக்கு எதுக்குடா மயக்க மருந்து"ங்கறார்.

இதுல இன்னொரு கூத்து, ஐசோஃப்ளூரேன் மாதிரி மயக்க கேஸ் நரம்புல ட்ரெக்-1னு வேற ஒரு பொட்டாசியம் வாசல அடைக்காம தொறந்து விடுது, பொட்டாசியம் கசிஞ்சு நரம்பு அடங்கிடும். அந்த வாசலே இல்லாத எலிக்கு மயங்க கேஸ் ஜாஸ்தி வேணும். இதெல்லாம் படிச்சு முடிச்சு காலைல போனா அப்பாவுக்கு முதுகுலதான் ஊசி போட்டாங்க, கேஸே குடுக்கல.