பாதிப் பேர் வீட்டில், ஃபைல் எங்கே?

டெல்லியில் தீபாவளி போனால் காற்று கெடும், காற்று கெட்டால் உத்தரவு வரும். 2024 நவம்பரில் அலுவலக நேரத்தைப் பிரித்தார்கள்: மாநகராட்சிக்குக் காலை 8.30 முதல் 5, மத்திய அரசுக்கு 9 முதல் 5.30, டெல்லி அரசுக்கு 10 முதல் 6.30. சில நாளிலேயே பாதிப் பேரை வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னார்கள். உத்தரவு ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிடும். டூட்டி சார்ட்டை அப்படிப் போட்டால் சொதப்பும். மாநகராட்சியில் பிரிவைக் கவனிக்கும் நம்மவர்கள் அதை அக்டோபரிலேயே போட்டு வைப்பது நல்லது.

வழக்கமான தப்பு, பெயர்ப் பட்டியலை நடுவில் கோடு போட்டுப் பிரிப்பது. 12 பேர் உள்ள பிரிவில் 6 பேர் வர வேண்டும். கவுன்டருக்கு 2, தபாலை வாங்கி ஸ்கேன் செய்ய 1, ரெக்கார்டு ரூமுக்கு 1. மிச்சம் 2 பேர்தான். இருவருமே குறிப்பு எழுதுகிறவர்களாக அமைந்து, கையெழுத்துப் போடும் சூப்பிரண்டெண்ட் வீட்டில் இருந்தால் காகித ஃபைல் அன்று நகராது. எனவே காகித ஃபைல் பார்க்கிறவரும் அவருக்கு மேலே உள்ளவரும் ஒரே அணியில் இருக்கட்டும். இ-ஆபீஸில் (கணினி வழியே ஃபைல் நகரும் முறை) ஓடும் ஃபைலுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அணியை வாரம் ஒருமுறை மாற்றினால் போதும். நாள் விட்டு நாள் மாற்றினால் பாதி படித்த ஃபைல் மேசையிலேயே தூங்கும். கவுன்டர்காரர்களையும் சுழற்சியில் சேருங்கள், இல்லையேல் தினமும் புகையைக் குடிப்பது அவர்கள் மட்டும்தான். (துப்புரவுப் பணியாளர்களுக்கு இந்தச் சலுகையே கிடையாது.)

ரொம்பவும் மாட்டிக்கொள்கிற இடம் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். பென்டிரைவ் போல இருக்கும் அது அதிகாரியின் கையில் இருக்க வேண்டியது. பல இடங்களில் பி.ஏ.வின் டிராயரில், பின் நம்பர் எழுதிய சீட்டோடு கிடக்கும். அதிகாரி வீட்டில் உட்கார்ந்ததும் குட்டு வெளிப்படும். வீட்டு லேப்டாப்பில் டோக்கனுக்கான டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) இல்லாவிட்டால், செருகினாலும் அது தெரியாது. சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தால் தெரியும், கையெழுத்து மட்டும் விழாது. வி.பி.என். (வீட்டிலிருந்து அலுவலக நெட்டுக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு), டிரைவர், சான்றிதழ் தேதி மூன்றையும் முன்கூட்டியே வீட்டிலிருந்து ஒரு ஃபைலில் கையெழுத்துப் போட்டுச் சோதியுங்கள். அலுவலக நெட்டில் ஓடியதை வைத்து நம்ப வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் 'ஓகே' வாங்கி வேலையை முடித்தால், அன்றே அதை ஃபைல் குறிப்பில் ஏற்றிவிடுங்கள். ஆடிட்டில் ஸ்கிரீன்ஷாட் நிற்காது. பிரிவு லேண்ட்லைனை யாராவது ஒருவர் மொபைலுக்குத் திருப்பிவிட வேண்டும். தகவல் உரிமை மனுக்களைத் தனிப் பதிவேட்டில் வையுங்கள்; 30 நாள் கெடுவில் வீட்டிலிருந்த நாளும் சேர்த்திதான்.