கடலுக்கடியில போடுற சத்தம் சிப்பிய என்ன பண்ணுது

நம்ம கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரில வெடி வச்சா காதுக்கு சத்தம் வர்றதுக்கு முன்னாடியே காலுக்கு அதிர்வு தெரியும்ல, கடல்ல எண்ணெய், கேஸ் தேடுற சர்வே கப்பலும் கிட்டத்தட்ட அதைத்தான் பண்ணுது, ஏர்கன்னு ஒரு கருவிய பின்னாடி இழுத்துட்டுப் போயி அழுத்தி அடைச்ச காத்தை 10-15 செகண்டுக்கு ஒருதரம் தண்ணிக்குள்ள டமார்னு விடுவாங்க, ராத்திரி பகல்னு இல்லாம.

சிப்பிக்கு காது கிடையாது, சரி. ஆனா மணல்ல பதிஞ்சே கிடக்குற ஜீவன், தரை அதிர்வு நேரா உடம்புல இறங்கிடும். ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா தீவுல ஸ்காலப்ங்கிற சிப்பிய வச்சு பண்ண ஆய்வு 2017ல வந்துச்சு. உடனே கூட்டமா சாகல, ஆனா அடுத்தடுத்த மாசங்கள்ல சாவு கூடிருக்கு, ரத்தத்துலயே மாற்றம் தெரிஞ்சிருக்கு.

சிங்கி இறால் நிலைமை இன்னும் கொடுமைங்க. தலைல உடம்ப பேலன்ஸ் பண்ண ஒரு குட்டி உறுப்பு, உள்ள மெல்லிசான முடிங்க. ஏர்கன் சத்தத்துல அந்த முடிங்க சேதமாகி, மல்லாக்கப் போட்டா நிமிர்றதுக்கே ரொம்ப நேரம் எடுக்குது, ஒரு வருஷம் ஆகியும் சரியாகலன்னு ஆய்வாளருங்க 2019ல எழுதிருக்காங்க. நிமிர முடியாதது எப்படி இரை தேடும், எப்படித் தப்பிக்கும்?

ஒகேனக்கல் தாண்டிப் போற காவிரி சேர்ற கடல்லயும் எண்ணெய் தேடுறாங்க. சர்வே முடிஞ்ச மறுநாள் பாத்துட்டு பாதிப்பே இல்லன்னு யார் சொன்னாலும் என்னால ஏத்துக்க முடியாது. சர்வேக்கு முன்னாடி ஒருதரம், முடிஞ்சு 4-6 மாசம் கழிச்சு திரும்ப, மீனவங்களையும் கூட வச்சு சிப்பி, சிங்கி இறால எண்ணிப் பாக்கணும்.