மேலரி சொன்ன பொய்

பழைய போர்ச் சாகசப் படங்களில் ஓட்டைகளைத் தேடுவது எளிது. 1961-இல் வெளிவந்த 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' படத்திலும், ஜெர்மானியர்களின் கோட்டைப் பீரங்கிகளை அழிக்கச் சென்று பிடிபட்ட நேச நாட்டுக் குழுவினர் அவர்களிடமிருந்து தப்பிக்கும் விதம் அத்தனை நம்பும்படியாக இல்லை. ஆனால் அதே படத்தில் குழுவை வழிநடத்தும் மேலரி எடுக்கும் ஒரு முடிவு வேறு வகையானது. கால் முறிந்து கிடக்கும் சக வீரர் ஃபிராங்க்ளினிடம், தங்கள் திட்டம் கைவிடப்பட்டுவிட்டது என்றும் கடற்படைத் தாக்குதல் ஒன்று நடக்கப்போகிறது என்றும் அவர் பொய் சொல்கிறார். பின்னர் எதிரிகள் உண்மையைக் கக்க வைக்கும் மருந்தைச் செலுத்தும்போது, ஃபிராங்க்ளின் தாம் மனதார நம்பியதையே சொல்ல, கோட்டையிலிருந்த படையினர் கடற்கரையை நோக்கி விரைகிறார்கள். திட்டமாகப் பார்த்தால் குறையே இல்லை. நண்பனையே கருவியாக்கியதற்காகக் குழுவின் வெடிபொருள் வல்லுநர் மில்லர் கொதித்தெழுவதும் அந்த அளவுக்கு நியாயமானது. இருவர் பக்கமும் நம்மை நிற்கவைத்ததைத்தான் திரைக்கதையின் பெரிய வெற்றியாக நான் கருதுகிறேன்.

1957-இன் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில், போர்க்கைதிகளை நடத்தும் முறை பற்றிய ஜெனீவா ஒப்பந்தத்தைக் காட்டி அதிகாரிகள் உடலுழைப்பில் ஈடுபட மறுத்துத் தண்டனையைத் தாங்கிய, ஜப்பானியரிடம் கைதியான பிரிட்டிஷ் கர்னல் நிக்கல்சன், பிறகு எதிரிக்கே உறுதியான பாலத்தைக் கட்டித்தருவது முரணாகத் தோன்றலாம். இரண்டையும் இயக்குவது அவருடைய ஒழுங்குப் பிடிவாதமே. முகாமிலிருந்து தப்பிய அமெரிக்கரான ஷியர்ஸ், பாலத்தைத் தகர்க்க மீண்டும் காட்டுக்கு அனுப்பப்படும் சூழ்ச்சிதான் எனக்குச் சற்று வலிந்து புகுத்தியதாகப் படுகிறது.